2025 டாக்ஸ் இன்னும் ஃபைல் பண்ணல, காலேஜ் எய்டுக்கு (படிப்புச் செலவுக்கான உதவிப் பணத்துக்கு) பிப்ரவரி 1 கடைசி தேதி, என்ன பண்றது?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன். பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறா, இங்க அமெரிக்காவுலயே பிறந்தவ, 2026 ஃபால்ல காலேஜ் சேரணும். வீட்டுக்காரர் ஹெச்-1பி வேலை விசா, நீங்க அதோட வர்ற ஹெச்-4. ரெண்டு ப்ரைவேட் காலேஜ், ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டி லிஸ்ட்ல இருக்கு, ஒரு காலேஜ் எய்ட் பேப்பர் எல்லாம் பிப்ரவரி 1-க்குள்ள வேணும்னு சொல்லுது, இன்னொண்ணு பிப்ரவரி 15. ஆனா கம்பெனி குடுக்கற வருஷச் சம்பளக் கணக்கு டபிள்யூ-2 வர்றதுக்கே ஜனவரி கடைசி ஆயிடும், ஸ்டாக் வித்ததுக்கு ப்ரோக்கர் அனுப்பற 1099 பிப்ரவரி நடுவுல, டாக்ஸ் போடற உங்க சிபிஏ மார்ச் கடைசிக்கு முன்னாடி முடியாதுன்னுட்டார். 2024 டாக்ஸ் கூட எக்ஸ்டென்ஷன் (கூடுதல் அவகாசம்) போட்டு அக்டோபர்லதான் முடிச்சீங்க. இதுக்கு நடுவுல போன ஆகஸ்ட்ல வீட்டுக்காரருக்கு வேலை போய், அக்டோபர்ல குறைஞ்ச சம்பளத்துல வேற இடத்துல சேர்ந்திருக்கார். "டாக்ஸ் இல்லாம ஃபார்ம் எப்படி போடறது, சிபிஏவை விரட்டி சீக்கிரம் ஃபைல் பண்ணிடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. ஆனா இதுக்கு அடியில ரெண்டு கேள்வி கலந்து கிடக்கு, ஒண்ணு அவங்க கேக்கறது எந்த வருஷத்து டாக்ஸ், இன்னொண்ணு வருமானம் குறைஞ்சதை எங்க சொல்றது. ரெண்டையும் பிரிச்சுட்டா பாதி தலைவலி போயிடும்.

நான் இங்க ஒரு ப்ரைவேட் காலேஜ் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவன், இந்த ஃபார்முங்களை மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து படிச்சவன். டாக்ஸ் போட்டுக் குடுக்கறவன் இல்ல, அதனால உங்க ரிட்டர்ன்ல எந்த வரியில என்ன வரணும்ங்கறதை சிபிஏ கிட்டயே வெச்சுக்குங்க. எய்ட் பக்கம் மட்டும் நான் சொல்றேன்.

முதல் விஷயம், இதுல சந்தேகமே கிடையாது. 2026-27 படிப்பு வருஷத்துக்கான ஃபாஃப்ஸா, அதாவது ஃபெடரல் எய்டுக்கு போடற ஃபார்ம், கேக்கறது 2024 டாக்ஸ். 2025 இல்ல. நீங்க அக்டோபர்ல முடிச்சீங்களே, அதேதான். அதாவது ஃபாஃப்ஸா போடறதுக்கு உங்களுக்கு வேண்டிய டாக்ஸ் ஏற்கனவே வரித்துறையான ஐஆர்எஸ் கிட்ட இருக்கு, எதுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்ல, ஃபார்ம் போன செப்டம்பர் கடைசியிலேயே திறந்தாச்சு. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்ல, ஏன்னா பழைய காலத்துல நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு. 2016 வரைக்கும் ஃபாஃப்ஸா ஜனவரி 1-ல திறக்கும், அப்பதான் முடிஞ்ச வருஷத்து டாக்ஸை கேக்கும், காலேஜுங்க பிப்ரவரியில கேக்கும், கலிஃபோர்னியா ஸ்டேட் தன் க்ராண்டுக்கு மார்ச் 2-க்குள்ள கேக்கும், டாக்ஸ் கெடு ஏப்ரல் 15, அதனால எல்லாரும் தோராயமா ஒரு நம்பர் போட்டு அனுப்பிட்டு அப்புறம் திருத்துவாங்க. 2016 அக்டோபர்ல இருந்து, அதாவது 2017-18 வருஷத்து ஃபார்ம்ல இருந்து, ஒரு வருஷம் பின்னாடி போய் டாக்ஸ் எடுக்கற முறைக்கு மாத்திட்டாங்க. உங்க ஃப்ரெண்டோட பெரிய பையன் 2014-ல சேர்ந்தப்ப அவங்க பட்ட பாட்டை வெச்சு உங்களுக்கு சொல்லியிருப்பாங்க, அவங்க சொன்னது பொய் இல்ல, பழசு, அவ்வளவுதான்.

இப்ப ஃபாஃப்ஸால நம்பர் டைப் பண்ற வேலையே பெருசா கிடையாது. 2024-25 ஃபார்ம்ல இருந்து ஐஆர்எஸ்ல இருந்து நேரா டேட்டா எடுத்துக்கறாங்க, ஆனா அதுக்கு சம்மதம் குடுக்கணும், பொண்ணும் குடுக்கணும் பெத்தவங்களும் குடுக்கணும். இந்த சம்மதத்தை ஒருத்தர் குடுக்கலைன்னாலும் ஃபெடரல் எய்ட் மொத்தமும் போச்சு, அதனால "நம்ம டாக்ஸ் விவரத்தை எதுக்கு இவங்களுக்கு காட்டணும்"னு அந்த இடத்துல வேண்டாம்னு அழுத்திடாதீங்க. பெத்தவங்க போடற வருமான விவரம் பொண்ணோட ஸ்க்ரீன்ல தெரியாது, சில வீட்டுல அது ஒரு பெரிய கவலையா இருக்கும்.

நீங்க ரெண்டு பேரும் 2024-ஐ ஜாயிண்டா ஃபைல் பண்ணியிருக்கறதால ஒரே ஒருத்தர் ஃபார்ம்ல சேர்ந்தா போதும். வீட்டுக்காரர் சேரட்டும், அவருக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருக்கு, வேலை சுலபம். உங்களுக்கு ஐடிஐஎன் (டாக்ஸ் போடறதுக்குக் குடுக்கற நம்பர்) மட்டும் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அதைக் கொண்டுபோய் சோஷியல் செக்யூரிட்டி கட்டத்துல போட்டுடாதீங்க, அது வேற இது வேற. நம்பரே இல்லாதவங்களும் அக்கவுண்ட் திறக்கலாம், ஆனா உங்க கேஸ்ல அந்தச் சுத்து வழி தேவையே இல்ல. பெத்தவங்க ஹெச்-1பி, ஹெச்-4ங்கறது பொண்ணோட தகுதியை பாதிக்காது, பொண்ணு சிட்டிசன், அது போதும். இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், பிள்ளையே ஹெச்-4ல இருந்தா ஃபெடரல் எய்ட் கிடையாது, அங்க ஸ்டேட் விதியும் காலேஜ் சொந்தப் பணமும்தான் பேச்சு, அது தனிக் கதை.

நம்ம ஆளுங்க நிறைய பேர் மாட்டிக்கற இடம் பேரு. அப்பா பேரு லாஸ்ட் நேம்ல, பாஸ்போர்ட்ல சர்நேம் காலி, விசாவுல ஃபர்ஸ்ட் நேம் இருக்கற இடத்துல எஃப்என்யூ (ஃபர்ஸ்ட் நேம் தெரியாது)ன்னு வந்து, டிரைவிங் லைசன்ஸ் குடுக்கற டிஎம்வில ஒரு மாதிரி, பேங்க்ல ஒரு மாதிரின்னு இருக்கும். ஃபாஃப்ஸா அக்கவுண்ட் திறக்கறப்ப சோஷியல் செக்யூரிட்டி கார்டுல எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போடணும், இனிஷியலை இழுத்து விரிக்கக் கூடாது. பேரு மேட்ச் ஆகலைன்னா அக்கவுண்ட் வெரிஃபை ஆகாது, டேட்டா வராது, கடைசி தேதிக்கு முந்தின ராத்திரி இது நடந்தா கால் சென்டர்ல யாரையும் பிடிக்க முடியாது. அதனாலதான் சொல்றேன், மத்ததெல்லாம் வார இறுதியில பார்த்துக்கலாம், அக்கவுண்ட் மட்டும் இன்னிக்கே திறந்துடுங்க.

அப்புறம் 2024 ரிட்டர்ன் அக்டோபர்ல ஃபைல் பண்ணினதா சொன்னீங்க. ஈ-ஃபைல்னா சாதாரணமா ரெண்டு மூணு வாரத்துல ஐஆர்எஸ் டேட்டா எடுக்கற நிலைக்கு வந்துடும், ஜனவரில நீங்க போடறப்ப கண்டிப்பா இருக்கும். பேப்பர்ல தபால்ல அனுப்பியிருந்தா மாசக்கணக்குல கூட ஆகலாம், அப்ப டேட்டா கிடைக்கலைன்னு வரும், பதறாம உங்க ரிட்டர்ன் ஃபார்மான 1040 காப்பியைப் பார்த்து கையால நிரப்பலாம், சம்மதத்தை மட்டும் அப்பவும் குடுத்தாகணும். ஒரு சின்ன விஷயம், வீட்டுக்காரர் 2024-ல பழைய கம்பெனி ரிட்டயர்மென்ட் கணக்கு 401கே எதையாவது சொந்த ரிட்டயர்மென்ட் கணக்கான ஐஆர்ஏவுக்கு மாத்தியிருந்தா அது ரிட்டர்ன்ல பென்ஷன் பணம் எடுத்த மாதிரி தெரியும், அது ரோல்ஓவரா, அதாவது கணக்கு விட்டு கணக்கு மாத்தினதான்னு ஃபார்ம் தனியா கேக்கும், அங்க தொகையைப் போடணும், விட்டுட்டா அந்த மொத்தப் பணமும் வருமானமா ஏறிடும். இதை நான் எத்தனையோ ஃபைல்ல பார்த்திருக்கேன், கம்பெனி மாறினவங்க வீட்டுல இது சகஜம்.

வருமானம் 2024, ஆனா சொத்து கணக்கு ஃபார்ம் போடற அன்னிக்கு இருக்கற நிலவரம். இதை நிறைய பேர் 2024 டிசம்பர் பேங்க் ஸ்டேட்மெண்ட்டை வெச்சு நிரப்பறாங்க, தப்பு. வேலை இல்லாத ரெண்டு மாசத்துல சேமிப்பு கரைஞ்சிருந்தா அந்தக் கரைஞ்ச தொகையைத்தான் போடணும். நீங்க குடியிருக்கற வீடு ஃபாஃப்ஸால வராது, 401கே, ஐஆர்ஏ வராது. சென்னையில வாடகைக்கு விட்டிருக்கற ஃப்ளாட் வரும், இந்திய பேங்க்ல இருக்கற என்ஆர்ஈ டெபாசிட் வரும். ஃப்ளாட்டுக்கு பத்திரத்துல போட்ட விலையோ கைட்லைன் வேல்யூவோ இல்ல, இன்னிக்கு வித்தா என்ன கிடைக்குமோ அதுல லோன் பாக்கியைக் கழிச்சு, டாலருக்கு மாத்தி. அண்ணன் தம்பியோட கூட்டா இருந்தா உங்க பங்கு மட்டும். மாமனார் பேர்ல இருக்கற ஊர் நிலம் உங்க சொத்து கிடையாது, அதை ஏத்தாதீங்க. பெத்தவங்க சொத்துல அதிகபட்சமா நூத்துக்கு 5.64 தான் கணக்குல சேரும், பொண்ணு பேர்ல இருக்கற பணத்துல 20 சேரும், அதனால சொத்தைப் பார்த்து ரொம்ப மிரள வேண்டாம். மறைக்கவும் வேண்டாம், ஏன்னா என்ஆர்ஈ வட்டி இந்தியாவுல வரி இல்லைன்னாலும் இங்க உங்க 1040ல வந்திருக்கணும், வட்டி இருந்து டெபாசிட் இல்லைன்னா ஃபைல் பார்க்கறவங்க கண்ணுல அதுதான் முதல்ல படும்.

இனி ரெண்டு ப்ரைவேட் காலேஜ். அவங்க சிஎஸ்எஸ் ப்ரொஃபைலும் கேக்கறதா சொல்லியிருக்கீங்க, அது காலேஜ் தன் சொந்த எய்டுக்கு கேக்கற தனி ஃபார்ம், காலேஜ் போர்டு நடத்தறது, முதல் காலேஜுக்கு 25 டாலர், அடுத்தடுத்து ஒவ்வொண்ணுக்கும் 16, வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள்ள இருக்கற குடும்பத்துக்கு இலவசம். அதுலயும் அடிப்படை 2024 டாக்ஸ்தான், ஆனா இதுல 2025 வருமானத்தையும் கேப்பாங்க, அங்கதான் உங்க பயத்துக்கு நிஜமான காரணம் இருக்கு. எஸ்டிமேட் போடலாம், அதுக்குத்தான் அந்தக் கேள்வியே. ஃபைல் பண்ணின ரிட்டர்ன் இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

எஸ்டிமேட்னதும் குத்துமதிப்புன்னு நினைக்காதீங்க. வருஷம் முடிஞ்சாச்சு, இது வெறும் கூட்டல். வீட்டுக்காரரோட பழைய கம்பெனி கடைசி பேஸ்லிப், புது கம்பெனி டிசம்பர் கடைசி பேஸ்லிப், ரெண்டையும் எடுத்துக்குங்க. அதுல வருஷ ஆரம்பத்துல இருந்து மொத்தம்னு ஒரு பத்தி இருக்கும், அதுல க்ராஸ் சம்பளத்தை எடுக்காம ஃபெடரல் டாக்ஸபிள் வேஜஸ்னு இருக்கறதை எடுங்க, டபிள்யூ-2 பாக்ஸ் 1ல வரப்போறது கிட்டத்தட்ட அதுதான், 401கே, ஹெல்த் இன்ஷூரன்ஸ் எல்லாம் கழிஞ்சது. ஆர்எஸ்யூ (கம்பெனி குடுக்கற ஸ்டாக்) வெஸ்ட் ஆனது அதுக்குள்ளயே இருக்கும், தனியா மறுபடி சேர்க்காதீங்க. வேலை போனப்ப குடுத்த செவரன்ஸும் அதுக்குள்ள வரும். பழைய கம்பெனி போர்ட்டல் லாகின் மூடியிருந்தா ஹெச்ஆருக்கு இப்பவே ஒரு மெயில் போட்டு டபிள்யூ-2 எந்த அட்ரஸுக்கு வருதுன்னு கேட்டுக்குங்க, வீடு மாறியிருந்தா பழைய வீட்டுக்குத்தான் போகும். வட்டி, டிவிடெண்டுக்கு டிசம்பர் ஸ்டேட்மெண்ட், ஸ்டாக் வித்த லாப நஷ்டம் ப்ரோக்கர் சைட்ல ரியலைஸ்ட் கெயின்னு அப்பவே காட்டும், 1099 வர்ற வரைக்கும் உக்காந்திருக்க வேண்டாம். சென்னை வாடகையில மெயின்டனன்ஸ், சொத்து வரி போக நின்னது. கட்டின வரியை 2024 ரிட்டர்னைப் பார்த்து அதே விகிதத்துல போட்டா போதும். இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி தேதி போட்டு வெச்சுக்குங்க, மார்ச்ல காலேஜ் ஃபோன் பண்ணி இந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா அந்தத் தாள்தான் பேசும்.

401கேக்கு நீங்க போட்ட பணத்தை ஃபாஃப்ஸா இப்பல்லாம் கணக்குல எடுக்கறது இல்ல, ஆனா சிஎஸ்எஸ் கேக்கும். குடியிருக்கற வீட்டோட மதிப்பையும் கேக்கும். ரெண்டு ஃபார்ம்லயும் பதில் வேற வேறயா இருந்தா தப்பு பண்ணிட்டோம்னு நினைக்க வேண்டாம், ரெண்டும் கேக்கறதே வேற.

நம்பரைக் குறைச்சுப் போட்டா நல்லதுன்னு யாராவது சொல்லியிருந்தா கேக்காதீங்க. கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, அது எஸ்டிமேட்னு எங்களுக்கும் தெரியும். ஆனா இருபதாயிரம் முப்பதாயிரம் குறைச்சுப் போட்டு, அதை நம்பி காலேஜ் ஒரு தொகை சொல்லி, அப்புறம் ரிட்டர்ன் வந்ததும் அதைக் குறைச்சா, நீங்க அந்த காலேஜ்தான்னு மனசுல முடிவு பண்ணினதுக்கு அப்புறம் குறையும். அந்த மாதிரி ஃபோன் காலை எடுக்கற ஆளா நான் இருந்திருக்கேன், பேசறதுக்கு ரொம்ப சங்கடமான கால் அது.

அடுத்தது ஐடாக், காலேஜ் போர்டோட பேப்பர் ஏத்தற சைட். ப்ரைவேட் காலேஜ் பலதும் இது மூலமாத்தான் டாக்ஸ் காப்பி, டபிள்யூ-2 எல்லாம் வாங்குவாங்க, உங்க பிப்ரவரி 15 அனேகமா இதுக்கான தேதியாத்தான் இருக்கும். 2024 ரிட்டர்னை எல்லாப் பக்கமும், ஷெட்யூல் எல்லாம் சேர்த்து, கையெழுத்துப் போட்டு ஏத்துங்க, சிபிஏ குடுத்த காப்பியில கையெழுத்து இருக்காது, அதனாலயே திரும்பி வர்றது நிறைய. 2024 டபிள்யூ-2 சேருங்க, 2025 டபிள்யூ-2 கைக்கு வந்த அன்னிக்கே ஏத்துங்க. 2025 ரிட்டர்னும் வேணுமாங்கறது காலேஜுக்கு காலேஜ் மாறும், இதுல எல்லாருக்கும் பொதுவா ஒரு விதி கிடையாது. கேக்காத காலேஜ் உண்டு, சேர முடிவு பண்ணினதுக்கு அப்புறம் கேக்கறது உண்டு, ஃபைல் பண்ணினதும் அனுப்புன்னு ஒரு தேதி குடுக்கறது உண்டு. உங்க ஐடாக் பக்கத்துல அந்தந்த காலேஜ் கேக்கற லிஸ்ட் இருக்கும், அதுல 2025 ரிட்டர்ன்னு இருந்தா எய்ட் ஆபீஸுக்கு நாலு வரி மெயில்: ப்ரோக்கரேஜ் 1099 இன்னும் வரல, சிபிஏ மார்ச் கடைசியில முடிப்பார், டபிள்யூ-2 இதோட இருக்கு, ரிட்டர்ன் இந்தத் தேதிக்குள்ள அனுப்பறேன். பொண்ணு பேர்லயே, காலேஜ் குடுத்த ஐடி நம்பர் போட்டு எழுதச் சொல்லுங்க. இப்படி முன்கூட்டியே எழுதறவங்களுக்கு நாங்க ஃபைல்ல ஒரு குறிப்பு போட்டுடுவோம். எல்லா ஆபீஸும் ஒரே மாதிரி நடந்துக்கும்னு என்னால சொல்ல முடியாது, ஆனா மெயிலே போடாம தேதியைத் தாண்டினவங்களை விட இவங்க நிலைமை எப்பவும் மேல்தான்.

கெடு தாண்டினா என்ன போகும் என்ன போகாதுன்னு தெரிஞ்சா பதட்டம் குறையும். பெல் க்ராண்ட் (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு ஃபெடரல் அரசு குடுக்கற உதவிப் பணம்), அதிகபட்சம் 7,395 டாலர், அப்புறம் முதல் வருஷ மாணவருக்கு 5,500 டாலர் வரைக்கும் இருக்கற ஃபெடரல் லோன், இது ரெண்டும் தீர்ந்து போறது கிடையாது, 2026-27 ஃபாஃப்ஸாவுக்கு கடைசி நாள் 2027 ஜூன் 30. உங்க வருமானத்துக்கு பெல் வர வாய்ப்பு கம்மி, லோன் எப்பவும் இருக்கும். போறது என்னன்னா காலேஜோட சொந்த க்ராண்ட், ஸ்டேட் க்ராண்ட், கேம்பஸுக்குன்னு ஒதுக்கி வர்ற எஸ்ஈஓஜிங்கற ஃபெடரல் க்ராண்ட், படிச்சுக்கிட்டே வேலை பார்க்கற வொர்க் ஸ்டடி. பந்தியில முதல் ரெண்டு வரிசைக்கே பாயசம் தீர்ந்து போற மாதிரிதான், இருந்தவரைக்கும் குடுப்பாங்க. ஸ்டேட்டுக்கு ஸ்டேட் தேதி வேற, கலிஃபோர்னியா வழக்கமா மார்ச் 2, டெக்ஸாஸ் முன்னுரிமைத் தேதி ஜனவரி 15, இல்லினாய்ஸ்ல பணம் இருக்கறவரைக்கும்தான். நீங்க எந்த ஸ்டேட்னு எழுதல, உங்க ஸ்டேட் தேதியை ஃபாஃப்ஸா சைட்லயே பாருங்க, அது காலேஜ் தேதிக்கு முன்னாடியே இருந்தா ஆச்சரியப்படாதீங்க. 2023 டிசம்பர் 30 வரைக்கும் ஃபார்மே திறக்காம அரசாங்கமே தாமதம் பண்ணின வருஷம் ஒண்ணு வந்துச்சு, அப்ப எல்லாரும் தேதியைத் தள்ளி வெச்சாங்க, கலிஃபோர்னியா மே 2 வரைக்கும் போச்சு. அதை வெச்சு இப்பவும் தள்ளுவாங்கன்னு சிலர் சொல்லிட்டு இருக்காங்க, நம்பாதீங்க.

இப்ப ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. 2024-ல முழுச் சம்பளம், 2025-ல வேலை போச்சு, 2026-ல குறைஞ்ச சம்பளம். ஃபாஃப்ஸா பார்க்கறது 2024-ஐ, அதனால உங்க நிலைமை அதுல தெரியாது. இதுக்காக ஃபாஃப்ஸால 2024 கட்டத்துல 2025 நம்பரைப் போடறவங்க இருக்காங்க, அது கூடவே கூடாது. ஃபார்ம் கேக்கறதை அப்படியே குடுத்துட்டு, காலேஜ்ல ப்ரொஃபெஷனல் ஜட்ஜ்மெண்ட் (உங்க இப்போதைய நிலைமையைப் பார்த்து கணக்கை மாத்தறது) கேக்கணும், சில இடத்துல ஸ்பெஷல் சர்கம்ஸ்டன்ஸ்னு ஃபார்ம் பேரு இருக்கும், சில இடத்துல அப்பீல்னு சொல்வாங்க. ஃபெடரல் சட்டமே எய்ட் ஆபீஸருக்கு இந்த அதிகாரத்தைக் குடுக்குது, யாருக்குமே பண்ண மாட்டோம்னு ஒரு காலேஜ் பொதுவா கொள்கை வெச்சுக்க முடியாது, கேஸ் கேஸா பார்த்தாகணும். ஆனா முடிவு அவங்களோடது, அதுக்கு மேல எஜுகேஷன் டிபார்ட்மெண்ட் கிட்ட போய் முறையிட முடியாது. மூணு காலேஜுக்கும் தனித்தனியா போடணும், ஒருத்தர் ஒத்துக்கிட்டா இன்னொருத்தர் ஒத்துக்கணும்னு இல்ல.

இதுக்கு அத்தாட்சியா வேலை போன லெட்டர், செவரன்ஸ் விவரம், ரெண்டு கம்பெனி கடைசி பேஸ்லிப், புது வேலை ஆஃபர் லெட்டர்ல சம்பளம் போட்ட பக்கம் வேணும். கதை பெருசா எழுத வேண்டாம், அரைப் பக்கம், எந்தத் தேதியில என்ன நடந்துச்சு, வருஷச் சம்பளம் எவ்வளவுல இருந்து எவ்வளவு ஆச்சு. செவரன்ஸ் வாங்கினதால 2025 மொத்தம் 2024-ஐ விட ரொம்பக் குறைஞ்ச மாதிரி தெரியாம போகலாம், அதனால 2026 முழு வருஷத்துக்கு எதிர்பார்க்கற சம்பளத்தையும் தனியா எழுதுங்க, குறைவு அங்கதான் பளிச்சுனு தெரியும். சிஎஸ்எஸ்ல இதைச் சொல்றதுக்குன்னே ஒரு பகுதி இருக்கு, அங்கயும் சுருக்கமா போடுங்க. சில காலேஜ் அட்மிஷன் ரிசல்ட் வந்தப்புறம்தான் அப்பீலை எடுப்பாங்க, அதனால இது பிப்ரவரி 1-க்குள்ள முடியணும்னு இல்ல. உங்க 2025 ரிட்டர்ன் நிஜமா வேலைக்கு வர்ற இடமும் இதுதான், மார்ச்ல வந்தாலும் தாமதம் ஆகாது. பெத்தவங்க பேர்ல எடுக்கற ப்ளஸ் லோனை நம்பி குறையை அடைச்சுக்கலாம்னு நினைச்சா, முதல்ல அதுக்கு கடன் வாங்கற அம்மாவோ அப்பாவோ சிட்டிசன் இல்லைன்னா கிரீன் கார்டு மாதிரி தகுதியுள்ள ஸ்டேட்டஸ்ல இருக்கணும், ஹெச்-1பி, ஹெச்-4ல இருக்கற உங்க ரெண்டு பேருக்கும் அது கிடையாது. அதனால இந்த அப்பீலை சோம்பேறித்தனமா விடாதீங்க.

சிபிஏவை விரட்டி பிப்ரவரியிலேயே ஃபைல் பண்ணிடலாமான்னு கேட்டீங்க. வேண்டாம். ப்ரோக்கரேஜ் 1099 பிப்ரவரியில வந்துட்டு மார்ச்ல திருத்தின காப்பி வர்றது ரொம்ப சாதாரணம், அதுக்கு முன்னாடி அவசரமா ஃபைல் பண்ணினா 1040-எக்ஸ் போட்டுத் திருத்தணும், அப்ப காலேஜ் ரெண்டு ரிட்டர்னையும் கேக்கும், ஃபைல் இன்னும் இழுக்கும். ஏப்ரல் 15-ஐ மட்டும் தாண்டாதீங்க, இந்த வருஷமும் எக்ஸ்டென்ஷன் வேண்டாம். உங்களுக்கு சின்னவன் பதினோராவதுன்னு எழுதியிருக்கீங்க, அவன் 2027-ல சேர்றப்ப ஃபாஃப்ஸா எடுக்கப்போறது இதே 2025 ரிட்டர்ன். அவன் நவம்பர்ல எர்லி டிசிஷன் (ஒரே காலேஜுக்கு முன்கூட்டியே போடறது) போட்டா எய்ட் பேப்பரும் நவம்பர்லயே கேப்பாங்க, நீங்க எக்ஸ்டென்ஷன் போட்டு அக்டோபர் 15-ல முடிச்சா ஐஆர்எஸ் டேட்டாவும் காலேஜ் தேதியும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். அவனுக்கும் சேர்த்து ஏப்ரல்லயே முடிச்சுடுங்க. அக்காவும் தம்பியும் ஒரே நேரத்துல காலேஜ்ல இருக்கறதுக்கு ஃபாஃப்ஸா இப்ப தள்ளுபடி குடுக்கறது இல்ல, சிஎஸ்எஸ் வாங்கற காலேஜ் பலது இன்னும் பார்க்குது, அதனால பொண்ணோட ஃபார்ம்ல தம்பி விவரத்தையும் சரியா நிரப்புங்க.

கடைசியா ஃபார்ம் போட்டப்புறம். பொண்ணு தன் பகுதியை முடிச்சு சப்மிட் அழுத்திட்டா ஃபார்ம் போயிடுச்சுன்னு நினைச்சுக்குவா, அப்பா பகுதியும் கையெழுத்தும் பாக்கி இருந்தா அது அங்கயே நின்னுட்டு இருக்கும். நாலஞ்சு நாள் கழிச்சு உள்ள போய் ப்ராசஸ் ஆச்சுன்னு பார்த்துக்குங்க. ஒவ்வொரு காலேஜோட போர்ட்டல்லயும் என்ன வந்திருக்கு என்ன பாக்கின்னு இருக்கும், வெரிஃபிகேஷன்னு ஏதாவது கேட்டா பொண்ணோட மெயிலுக்குத்தான் வரும், இந்த வயசுப் பிள்ளைங்க மெயில் பார்க்கறது இல்ல, அதனால வாரம் ஒரு தடவை நீங்களே உக்காந்து பார்க்க வைங்க. மார்ச் கடைசியில வர்ற எய்ட் லெட்டர்ல டென்டேட்டிவ் இல்லைன்னா எஸ்டிமேட்டட்னு எங்கயாவது போட்டிருந்தா 2025 ரிட்டர்னுக்காக அவங்க காத்திருக்காங்கன்னு அர்த்தமா இருக்கலாம், ரிட்டர்ன் கைக்கு வந்த அன்னிக்கே ஏத்திட்டு, மே 1-க்கு முன்னாடி இறுதித் தொகை போட்ட லெட்டரை எழுத்துல கேட்டு வாங்குங்க, அதுக்கப்புறம் காலேஜ்ல சேர்றதுக்கான டெபாசிட் கட்டலாம்.